மாடியில சூடு, கீழே குளிரு - ஆலிஸ் பார்க்கரின் அடுப்பு

"வீடு முழுக்கச் சூடு பரப்புற சென்ட்ரல் ஹீட்டிங்கைக் கண்டுபிடிச்சது ஆலிஸ் பார்க்கர்ங்கிற கருப்பின அமெரிக்கப் பெண்" - இப்படி ஒரு தகவல் அடிக்கடி கண்ணுல படும். மக்களே, இது தப்பு. அவங்க உண்மையில செஞ்ச வேலையை இந்தப் பாராட்டு மறைச்சிடுது. எனக்கு அதுதான் வருத்தம்.

தரைக்கு அடியில நெருப்பு மூட்டி கட்டடத்தைச் சூடாக்குறதை ரோமானியர்களே செஞ்சிருக்காங்க. 19-ம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகள்ல பேஸ்மென்ட்ல ஒரு நிலக்கரி உலை இருக்கும். அதுலேர்ந்து ஆக்டோபஸ் கை மாதிரி தகரக் குழாய்கள் கிளம்பி ஒவ்வொரு ரூமுக்கும் போகும். ஃபேன் கிடையாது. சூடான காற்று லேசு, தானா மேலே ஏறும். ஆறின காற்று கனம், இறங்கி உலைக்கே திரும்பும். அவ்ளோதான் மேட்டர்.

சிக்கலும் அங்கேதான். நேரா மாடிக்கு ஏறுற குழாய், காற்றை நல்லா இழுத்துக்கும். கீழ்த்தளத்துல தள்ளி இருக்கற ரூமுக்குப் படுத்தவாக்குல போற குழாய்லயோ காற்று நகரவே யோசிக்கும். மாடி வேகும், கீழே விறைக்கும். இதுக்கு வைத்தியம், குழாய்க்குள்ள வைக்கிற டேம்பர்ங்கிற தகடு. மாடிக்குழாயைக் கொஞ்சம் மூடினா கீழே கொஞ்சம் கூடுதலா வரும்.

இந்தத் தகட்டை யார் திருப்புறது? விஸ்கான்சின்ல வாரன் ஜான்சன்னு ஒரு பேராசிரியர். வகுப்பறைச் சூடு மாறினா பேஸ்மென்ட்ல மணி அடிக்கிற கருவிக்கு 1883-ல காப்புரிமை வாங்கினார். மணி கேட்டதும் ஊழியர் டேம்பரைச் சரி பண்ணுவார். நல்ல ஐடியாதான். ஆனா இதுவும் ஒரே நெருப்பைப் பங்கு போடுற கதைதான். ஒருத்தருக்குக் கூட்டினா இன்னொருத்தருக்குக் குறையும்.

இப்போ ஆலிஸ் பார்க்கருக்கு வருவோம். நியூஜெர்சியில மாரிஸ்டவுன்ங்கிற ஊர்க்காரர். 1919 டிசம்பர் 23-ல அவருக்குக் கிடைச்ச காப்புரிமையோட எண் 13,25,905. (அமெரிக்கா முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1920-லதான்!) அவர் வரைஞ்ச உலை நிலக்கரியில இல்லை, கேஸ்ல எரியும். முக்கியமான விஷயம், அதுக்குள்ள ஒரு நெருப்பு இல்லை, பல தனித்தனி சூடேற்றும் பகுதிகள். ஒவ்வொண்ணுக்கும் தனிக் கட்டுப்பாடு. அதுலேர்ந்து வீட்டோட வெவ்வேறு பகுதிகளுக்குக் குழாய். மாடிக்குப் போதும்னா அந்த நெருப்பை மட்டும் குறைச்சா போச்சு, கீழே இருக்கறவங்களுக்குப் பாதிப்பு இல்லை. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, குளோபல் வேரியபிளைத் தூக்கிட்டு ரூமுக்கு ரூம் லோக்கல் வேரியபிள் குடுத்துட்டாங்க :-)

அவர் வரைஞ்ச வடிவத்துல அந்த உலை சந்தைக்கு வரலை. 1930-கள்ல மின்சார ஃபேன் வெச்ச உலைகள் பரவ ஆரம்பிச்சுது. ஏசி வந்ததும் கதை தலைகீழ். குளிர்ந்த காற்று கனமா கீழேயே தங்கிடும், மாடி புழுங்கும். குளிர்காலத்துக்குன்னு வெச்ச டேம்பரை வெயில் காலத்துக்கு மாத்தி வைக்கணும். இன்னிக்கு மாடிக்கு ஒரு தெர்மோஸ்டாட், கீழே ஒரு தெர்மோஸ்டாட், மோட்டார் வெச்ச டேம்பர்னு தளம் தளமாப் பிரிச்சுக் கட்டுப்படுத்தறாங்க.

சென்ட்ரல் ஹீட்டிங்னா வீட்டுக்கு ஒரு அடுப்பு. பார்க்கர் யோசிச்சது, ஒரே அடுப்புன்னாலும் ஏன் ஒரே நெருப்புன்னுதான். அடுத்த தடவை அந்தத் தகவல் உங்க கண்ணுல பட்டா இதைச் சொல்லுங்க. செய்யாததுக்கு மாலை போடுறதை விட, செஞ்சதைச் சரியாச் சொல்றதுதான் அவருக்கு மரியாதை.