வதைக்கு ஒரு சொல்

ஆங்கிலத்தின் ‘டோர்ச்சர்’, முறுக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரிக்காகக் குடியானவர்கள் வதைக்கப்பட்டதை ஆராய்ந்த குழு 1855 இல் அறிக்கை வெளியிட்டது. தலைப்பில் அந்த ஆங்கிலச் சொல்தான். ஆனால் கைவிரல்களை நெரித்த மரக்கருவியை, மக்கள் சொன்ன ‘கிட்டி’ என்ற பெயராலேயே அது குறித்தது.

இன்று எடிசனில் அகதி விண்ணப்பம் நிரப்பும் எம்மவரிடமும் அமெரிக்கப் படிவம் அதே ஆங்கிலச் சொல்லால் கேள்வி கேட்கிறது. 1984 ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் அச்சொல்லுக்குக் கடும் வலி, வேண்டுமென்றே செய்தமை, அரச அதிகாரியின் பங்கு அல்லது இசைவு ஆகியன அடிப்படை.

“அடிச்சவங்கள்” என்பதோடு நிறுத்தினால், மொழிபெயர்ப்பில் அது வெறும் அடிதான். யார், எதனால், எவ்வளவு நேரம்? அன்று கிட்டியைப் பெயர் சொல்லிக் காட்டியவர்களைப்போல நாமும் சொல்லியாகவேண்டும்.