எருக்கிலையும் ஆவாரங்குச்சியும்

லண்டனில் 1795-ம் வருஷம் ஒரு இரும்புக் கட்டி விஞ்ஞானிகளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. பார்க்க பணியாரம் மாதிரி இருக்கும். வட்டமாக, மேலே தட்டையாக, அடியில் உருண்டையாக. பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற டாக்டர் கப்பலில் அனுப்பி வைத்திருந்தார். பெயர் ‘வூட்ஸ்’. நம்ம ஊர் ‘உருக்கு’, கன்னடத்தில் ‘உக்கு’. அது வெள்ளைக்காரர் வாயில் புகுந்து வெளியே வந்தபோது அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றி ஒரு கட்டுரையே படித்தார்.

கட்டுரை படிப்பது சுலபம். கத்தி அடிப்பதுதான் கஷ்டம்! ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி கட்டியை வெள்ளைச் சூட்டுக்குக் காய்ச்சி, பட்டடையில் வைத்து ஒரு போடு போட்டார்கள். பாலாடைக்கட்டி உதிர்கிற மாதிரி உதிர்ந்துவிட்டது. ‘இந்தியச் சரக்கு மட்டம்’ என்று சிலர் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி மட்டும் விடவில்லை. சூட்டைக் குறைத்து, பொறுமையாகத் தட்டித் தட்டி ஒரு பேனாக்கத்தி செய்து பார்த்தார். அசந்து போனார். ஐரோப்பாவின் எந்த எஃகையும்விட இதுதான் எனக்கு உசத்தி என்று தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சடித்து, அதில் ஆபரேஷன் கத்திகள் செய்து விற்றார்.

அப்புறம் அவரோடு கூட்டுச் சேர்ந்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் மண்டையைக் குடைந்தது நம்ம ஊர் உருக்குதான். கொல்லர் மகன், ரத்தத்திலேயே இரும்பு ஓடியிருக்கும்! ஆனாலும் ரகசியம் பிடிபடவில்லை. அலுமினா, சிலிக்கா கலந்திருப்பதால்தான் இப்படி என்று முதலில் சொன்னார். தப்பு. பிளாட்டினம், வெள்ளி என்று எதை எதையோ கலந்து பார்த்தார். விஷயம் கரி, அதாவது கார்பன் என்பதை பாரிஸ் நாணயச்சாலையில் இருந்த ப்ரேயான், 1820-களின் ஆரம்பத்தில் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார்.

அது இருக்கட்டும். இங்கே நம்ம ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு கம்பெனி அதிகாரி. சேலம் பக்கம் உருக்குக் காய்ச்சுவதைக் கிட்ட நின்று பார்த்து, 1830-களில் விவரமாக எழுதி வைத்தார். அடித்துச் சுத்தம் பண்ணிய இரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு கைப்பிடி மூசையில் போடுவார்களாம். மூசை என்பது உமிக்கரி கலந்த களிமண் குப்பி. கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் எருக்கிலை ஒன்றிரண்டு. வாயைக் களிமண்ணால் இறுக்கி அடைத்துவிட வேண்டும். மண் காய்ந்ததும் இருபது, இருபத்திநாலு மூசையை வளைவாக அடுக்கி, கரி மூடி, துருத்தி போட வேண்டும். இரண்டரை மணி நேரம், நிறுத்தாமல்! ஆறவிட்டு மூசையை உடைத்தால் பணியாரம் ரெடி.

இதிலுள்ள கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஆட்டுத்தோல் துருத்தியில் அவ்வளவு சூடு எங்கே வரும்? வராது. ஆனால் இரும்புக்குள் கரி ஏற ஏற, உருகும் சூடு கீழே இறங்கும். ஒன்றரை சதவிகிதம் கரி ஏறிவிட்டால் நூறு டிகிரி போல மிச்சம். உலையைப் பெரிசு பண்ண முடியாதவன் இரும்பின் குணத்தையே மாற்றிவிட்டான். வாயை ஏன் அடைக்கிறார்கள்? காற்று உள்ளே போனால் கரி எரிந்து போய்விடும். குச்சியும் இலையும் உள்ளேயே வெந்து ஆவியாகி, அந்த ஆவியும் இரும்புக்குள் இறங்குகிறது என்பது ஹீத்தின் கணக்கு.

கட்டி தேறியதா இல்லையா என்று பார்க்க லேப் ரிப்போர்ட் கிடையாது. மேல்பக்கத்தில் நடுவிலிருந்து கதிர் கதிராக வரி ஓடியிருந்தால் முழுசாக உருகியிருக்கிறது. தேன்கூடு மாதிரி பொத்தல் இருந்தால் வேக்காடு பத்தவில்லை. அவ்வளவுதான்.

ஹீத் இன்னொன்றும் எழுதினார். எனக்கு அதுதான் ருசியான இடம். இங்கிலாந்தில் இரும்பைக் கரியோடு சேர்த்து மூசையில் உருக்குவதற்கு டேவிட் மஷெட் 1800-ல் காப்புரிமை வாங்கியிருந்தார். இரும்புக்குள் கரிவாயுவைச் செலுத்துவதற்கு 1825-ல் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் மேக்கின்டாஷ் (மழைக்கோட்டு புகழ் மேக்கின்டாஷேதான்). இரண்டு தத்துவமும் இந்தியக் கொல்லனின் மண் குப்பிக்குள் ஒன்றாகவே இருக்கிறதே என்று ஹீத் ஆச்சரியப்பட்டார். பி.காம் படித்த புத்தி எனக்கு உடனே ராயல்டி கணக்குப் போடப் போய்விடுகிறது.

எத்தனை காலமாக இருக்கிறது? ஈரோட்டிலிருந்து சென்னிமலை போய், அங்கிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் நொய்யல் கரையில் கொடுமணல். சங்க காலத்துப் பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது, நடுவில் ஒரு பெரிய உலை, அதைச் சுற்றிப் பன்னிரண்டு சின்ன உலைகள் கிடைத்தன. மூசையும் கசடும் கூடவே. எஃகு செய்த இடம் என்கிறார்கள். கல்மணி பட்டை தீட்டுவதும் அங்கேயே நடந்திருக்கிறது. பானை ஓடுகளில் நூற்றுக்கணக்கில் தமிழ் பிராமி எழுத்து. கண்ணன், ஆதன், பண்ணன் என்று பேர் பேராகக் கீறி வைத்திருக்கிறார்கள். அதில் துருத்தி ஊதியவன் எவன், பானைக்குச் சொந்தக்காரன் எவன் என்றுதான் பிரிக்க முடியவில்லை.

உடனே ‘டமாஸ்கஸ் வாளைச் செய்ததே நாமதான்’ என்று கிளம்பிவிடாதீர்கள். கட்டி இங்கேயிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. வாளாக அடித்து, மேலே நீரலை மாதிரி கோலம் வரவைத்தவர்கள் பாரசீகத்திலும் சிரியாவிலும் இருந்த கொல்லர்கள். மத்திய ஆசியாவிலும் மூசை எஃகு செய்திருக்கிறார்கள். அவரவர் பங்கை அவரவருக்குக் கொடுத்துவிடுவோம்.

கத்தி அடிக்கிறவனுக்கு இன்றைக்கும் அதே தலைவலிதான். நம்ம பக்கம் கொல்லுப்பட்டறையில் அருவாளுக்கு மூலப்பொருள் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் கரி அரை சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே. செக்கச் சிவக்கக் காய்ச்சி அடித்து வடிவம் கொண்டுவருவது பாதி வேலைதான். உயிர் இருப்பது தோய்ச்சலில். சூடு கம்மியாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினால் வாய் மழுங்கல். சூடு ஏறிப் போய் முக்கினால் கண்ணாடி மாதிரி விரிசல். அதனால் முழு அருவாளையும் முக்க மாட்டார்கள். வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீரைத் தொடும். எடுத்ததும் முதுகிலுள்ள சூடு மெல்ல வாய்க்கு இறங்கி வரும். தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் ஓடி வருகிற அந்த நொடியில் மறுபடி தண்ணீர். அது நீலத்துக்குப் போய்விட்டால் வாய் மெதுவாகிவிடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பல பட்டறைகள் இருட்டாகவே இருப்பதற்குக் காரணம் கரண்ட் பில் இல்லை சார். வெயிலில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது!

ஹீத்துக்கு வருவோம். சேலத்து இரும்புக்கல்லை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய ஆலை போட்டார். மலை மலையாகக் கரி வேண்டியிருந்தது. கட்டுப்படியாகவில்லை. ஊருக்குத் திரும்பி 1839-ல், மாங்கனீஸ்-கரிக் கலவை சேர்த்து எஃகை நயமாக்கக் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு முதலாளிகள் அவருக்கு மேலே! கலவையாகச் சேர்த்தால்தானே காசு, தனித்தனியாக மூசையில் போட்டு உள்ளேயே கலக்கவிட்டால்? போட்டார்கள். கேஸ் 1855 வரை நடந்து பிரபுக்கள் சபையில் ஹீத் தரப்பு தோற்றது. அதற்கு முன்பே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே காலகட்டத்தில் இங்கே சீமை இரும்பு கப்பல் கப்பலாக வந்து இறங்கி, நம்ம உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. காட்டுச் சட்டங்கள் வந்தபின் கரிக்கு மரம் வெட்டுவதும் பாடாகிவிட்டது. இவர்களுக்கு வழக்குப் போட ஒரு கோர்ட்டுகூட இல்லை.

வாள் மேல் வரும் அந்தக் கோலமும் ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே கைவிட்டுப் போனது. இருநூறு வருஷமாக யார் யாரோ முயற்சி பண்ணினார்கள். கடைசியில் முடிச்சை அவிழ்த்தது ஒரு ஜோடி. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன். அவருக்குத் துணை ஃப்ளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடிக்கும் ஆல்ஃப்ரெட் பென்ட்ரே. பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார், லாடக்காரர் சம்மட்டியில் பதில் சொல்வார். 1998-ல் சொன்ன முடிவு இது: ரகசியம் கரி மட்டும் இல்லை, தாதுவிலேயே கடுகளவு கலந்திருக்கும் வனேடியம் மாதிரி உலோகங்களும்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கார்பைடு துகள்களை வரிசை கட்ட வைப்பது அதுதான். அந்தச் சுரங்கத்துக் கல் தீர்ந்தாலோ, வேறு கல் வந்தாலோ, அதே கொல்லன் அதே மாதிரி அடித்தாலும் கோலம் வராது. அப்பன் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தும் கத்தி பல்லிளிக்கும். காரணமும் புரியாது. இரண்டு மூன்று தலைமுறையில் தொழிலே போய்விட்டிருக்கும் என்பது இவர்கள் யூகம்.

பென்ட்ரே தன் மூசையில் என்ன போட்டார் என்ற பட்டியலும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. சுத்தமான இரும்பு, வார்ப்பிரும்பு, கரி, கண்ணாடித் துண்டுகள். கூடவே கொஞ்சம் பச்சை இலை.