மரியாதை யாருடையது?

1965-இல் ஓட்டிஸ் ரெட்டிங் ‘ரெஸ்பெக்ட்’ பாடலை எழுதிப் பாடியபோது அது ஓர் ஆணின் முறையீடு. உழைத்துப் பொருளீட்டி வீடு திரும்புபவன் மனைவியிடம் சற்று மரியாதை கேட்கிறான், அவ்வளவே. பாடல் வெற்றியும் பெற்றது.

1967 பிப்ரவரியில் அரீத்தா ஃப்ராங்க்ளின் அதே பாடலை நியூயார்க்கில் பதிவு செய்தார். இப்போது கேட்பவள் பெண். அவள் முறையிடவில்லை, உரிமை கோருகிறாள். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பகுதி ரெட்டிங்கின் மூலத்தில் கிடையாது. அரீத்தாவின் வடிவத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாடல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கும் பெண்ணுரிமை இயக்கத்துக்கும் முழக்கமாயிற்று. ஒரு பெண் இதைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று ரெட்டிங் மான்டெரி இசைவிழா மேடையில் வேடிக்கையாகச் சொன்னார். அவ்வாண்டு டிசம்பரிலேயே விமான விபத்தில் மறைந்தார்.

கேட்பவர் செவியில் பாடல் கைமாறிவிட்டது, சட்டத்தில் மாறவில்லை. அமெரிக்காவின் வழக்கமான வானொலி நிலையங்கள் பாடலை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் மட்டுமே உரிமைத்தொகை தருகின்றன, பாடியவருக்குத் தருவதில்லை. ஆகவே 2018-இல் மறையும்வரை, அந்த நிலையங்கள் ஓயாமல் ஒலிபரப்பிய தம் குரலுக்கு அரீத்தா எதுவும் பெறவில்லை. மரியாதை கேட்டு உலகை எழுப்பிய குரலுக்கு வாய்த்த கணக்கு அதுதான்.