சிற்றுருவில் வாழும் வேகப் படகுகள்

மனிதன் நீரிற் படகு விடத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. அத்துணைக் காலமும் படகென்பது நீரைக் கிழித்துச் செல்லும் ஒரு பொருளாகவே இருந்து வந்தது. நீரைக் கிழியாது அதன்மேல் வழுக்கிச் செல்லும் படகு தோன்றியது மிக அண்மையிலேயாம். தட்டையான ஓட்டுத்துண்டொன்றைக் குளத்தில் வீசி எறிந்தால், அது அமிழாமல் நீர்மேல் தத்தித் தத்திச் செல்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அவ்வியல்பை ஒரு படகுக்குக் கொடுத்தால் எப்படியிருக்கும்? அப்படிப் பிறந்ததே ஹைட்ரோபிளேன் என்னும் வேகப் படகு.

இப்படகுகளின் பழைய வடிவங்களைச் சிற்றுருவிற் செய்து, வானொலி அலையால் இயக்கிக் குளங்களிற் போட்டிக்கு விடும் ஒரு பொழுதுபோக்கு மேல்நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், நிலவி வருகின்றது. “இது சிறுபிள்ளை விளையாட்டு, இதற்கும் ஒரு வரலாறா?” எனப் பெரியோர் சிலர் வினவுதல் கூடும். அவர்களுக்கு நாம் கூற விழைவது ஒன்றே. ஹைட்ரோபிளேன் படகு மாதிரி உருவமாகவே பிறந்தது. பெரும்படகுகள் உடைந்தும் சிதைந்தும் மறைந்த பின்னர் மாதிரி உருவமாகவே அது வாழ்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திலே பல மனித உயிர்கள் பலியாயின. ஆதலின் இவ்வரலாறு நம் இளைஞர் அறிதற்குரியதே.

ஒரு குருவானவரின் கனவு

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், றை என்னும் ஊரை அடுத்த பிளேடன் கிராமத்தில், சாள்ஸ் மீட் றாமஸ் என்னும் குருவானவர் ஒருவர் இருந்தார். கப்பல் கட்டுதல் அவருடைய தொழிலன்று. எனினும் 1872ஆம் ஆண்டில் அவர் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்துக்கு ஒரு யோசனையை அனுப்பினார். கப்பலின் அடிப்பாகத்தை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு சாய்தளங்களாகச் செய்தால், வேகங்கொள்ளும்போது கப்பல் நீரைவிட்டு மேலெழுந்து வழுக்கி ஓடும் என்பதே அவர் கருத்து.

கடற்படையார் அதனைச் சோதிக்கும் பொறுப்பை வில்லியம் புறூட் என்னும் பொறியியல் அறிஞரிடம் ஒப்படைத்தனர். புறூட் அவர்கள் டோர்க்கி நகரிலே நீண்டதொரு நீர்த்தொட்டியை அமைத்து, மெழுகினாற் செய்த மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்து, நீரின் தடையை அளந்து வந்தவர். அவர் றாமஸின் வடிவத்தையும் மாதிரியாக்கிச் சோதித்தார். கருத்துப் பிழையன்று; ஆனால் அவ்வேகத்தை அடையும் வலு அக்கால நீராவி இயந்திரங்களுக்கு இல்லை என்பதே அவர் கண்ட முடிபு. குருவானவரின் கனவு ஒதுக்கி வைக்கப்பட்டது. கனவில் குறையில்லை, காலம் மட்டுமே கனியவில்லை.

எனவே, உலகில் ஒரு பெரிய ஹைட்ரோபிளேன் ஓடுவதற்கு முன்னரே அதன் மாதிரி ஓடிவிட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்று புள்ளிகளில் நிற்கும் படகு

பாரங்குறைந்த பெற்றோல் இயந்திரம் வந்த பின்னரே றாமஸின் கருத்து உயிர்பெற்றது. அமெரிக்காவின் புகழ்பெற்ற தங்கக் கிண்ணப் படகுப் போட்டி 1904இல் முதன்முதலாக நடந்தபோது வென்ற படகின் வேகம் மணிக்கு 23 மைல் அளவினதே. அடுத்த சில ஆண்டுகளில் அடிப்பாகத்திற் படி வைத்த படகுகள் தோன்றின. வேகம் விரைந்து வளர்ந்தது.

1930ஆம் ஆண்டுகளில் நியூ ஜேர்சியில் வென்ற்னர் படகுச்சாலையை நடத்திய அப்பல் குடும்பத்தார் இன்னொரு மாற்றத்தைச் செய்தனர். படகின் முன்புறத்தில் இடமும் வலமும் இரண்டு பக்க மிதவைகளை வைத்தனர். வேகமாக ஓடும்போது அவ்விரு மிதவைகளின் நுனியும் படகின் பின்புறமும் ஆகிய மூன்று இடங்கள் மட்டுமே நீரைத் தொடும். ஏனைய பாகமெல்லாம் காற்றில் நிற்கும். 1939இல் சேர் மல்கம் கம்பெல் இங்கிலாந்தின் கொனிஸ்ரன் வாவியில் மணிக்கு 141.74 மைல் ஓடி உலக சாதனையை நிலைநாட்டியது இத்தகைய மூன்று புள்ளிப் படகிலேயே.

பின்னர் உலகப் போர் மூண்டது. போர் முடிந்தபோது விமானங்களுக்கென்று செய்யப்பட்ட அலிசன், மேர்லின் என்னும் பன்னிரு சிலிண்டர் இயந்திரங்கள் தேவைக்கு மிஞ்சிக் கிடந்தன. ஆகாயத்திற்போர் புரியச் செய்த இயந்திரங்கள் வாவிகளில் விளையாட வந்தன.

சியாற்றில் நகரின் பெருமை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ளது சியாற்றில் நகரம். அங்கே மோட்டார் வாகன வணிகரான ஸ்ரான்லி சேயர்ஸ், போயிங் விமானத் தொழிற்சாலையிற் பணிபுரிந்த டெட் ஜோன்ஸ், படகு கட்டுநரான அங்கர் ஜென்சன் ஆகிய மூவர் கூடினர். பணம் ஒருவருடையது, வரைவு ஒருவருடையது, கைத்திறன் ஒருவருடையது. அம்மூவர் முயற்சியிற் பிறந்தது ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ என்னும் படகு. மெல்லச் செல்லுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரித்து, உலகில் மிக விரைவான படகுக்குப் பெயராக வைத்தது அவர்களுடைய நகைச்சுவை.

இப்படகின் சிறப்பு அதன் சுழல்விசிறியில் இருந்தது. வழமையாக விசிறி முழுவதும் நீருள் இருக்கும். இப்படகு வேகங்கொண்டதும் பின்புறமும் மேலெழ, விசிறியின் கீழ்ப்பாதி மட்டுமே நீரில் நிற்கும். அப்பாதி விசிறியே படகைத் தள்ளுவதோடு தாங்கியும் நின்றது. விசிறி வாரியெறிந்த நீர் படகின் பின்னே உயர்ந்து வளைந்து நிற்பதைக் கண்ட மக்கள் அதனைச் ‘சேவல் வால்’ என்றனர்.

1950ஆம் ஆண்டு ஆனி மாதம் 26ஆந் திகதி, வாஷிங்டன் வாவியில் சேயர்ஸ் அவர்களே ஓட்ட, அப்படகு மணிக்கு 160.32 மைல் ஓடியது. பழைய சாதனையை ஏறக்குறைய 19 மைல்களால் மிஞ்சிற்று. அவ்வாண்டே டெற்றோயிற் நகருக்குச் சென்று தங்கக் கிண்ணத்தையும் வென்றது. வென்ற கழகத்தாரே அடுத்த போட்டிக்குரிய இடத்தைத் தெரிவர் என்பது விதி. ஆதலின் 1951இற் போட்டி சியாற்றிலுக்கு வந்தது. 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கிண்ணம் சேயர்ஸின் இரு படகுகளுக்கே உரியதாயிற்று.

ஆயினும் வேகத்துக்கு விலையுண்டு. 1951ஆம் ஆண்டுப் போட்டியிலேயே ‘குயிக்சில்வர்’ என்னும் படகு நீருள் மூழ்கி, அதிலிருந்த இருவரும் மாண்டனர். 1955இல் ‘ஸ்லோ-மோ-ஷன் 5’ தகுதிகாண் ஓட்டத்தின்போது காற்று அடியிற் புகுந்து தூக்க, ஆகாயத்தில் முழுக் குட்டிக்கரணம் அடித்து வீழ்ந்தது. ஓட்டுநர் லூ பஜோல் படுகாயமுற்றார். 1956இல் ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ டெற்றோயிற் ஆற்றில் உடைந்து சிதைந்தது. அவ்வாண்டிலேயே சேயர்ஸும் காலமானார். யாவற்றினுங் கொடியது 1966ஆம் ஆண்டு ஆனி 19ஆம் நாள். அன்று அமெரிக்கத் தலைநகரில் நடந்த போட்டியில் றொன் முசன், றெக்ஸ் மன்செஸ்ரர், டொன் வில்சன் ஆகிய மூன்று ஓட்டுநர்கள் ஒரே நாளில் உயிரிழந்தனர். அதனைக் ‘கரிய ஞாயிறு’ என்று இன்றும் கூறுவர்.

துவிச்சக்கரவண்டியின் பின்னே ஒரு படகு

இனிச் சிறுவர்பக்கம் திரும்புவோம். 1950ஆம் ஆண்டுகளிற் சியாற்றில் நகரத்துச் சிறுவர்க்கு இப்படகோட்டிகளே வீரர்கள். ஆனால் விமான இயந்திரம் பூட்டிய படகுக்கு ஒரு சிறுவன் எங்கே போவான்? வீட்டிற் கிடந்த பலகைத் துண்டை அறுத்தான். இரு பக்கமும் சிறு கட்டைகளை மிதவைகளாக வைத்து ஆணி அறைந்தான். தான் விரும்பிய படகின் நிறத்தையும் இலக்கத்தையும் தீட்டினான். கயிற்றிற் கட்டித் துவிச்சக்கரவண்டியின் பின்னே தெருவில் இழுத்துச் சென்றான். தெருவே வாவியாயிற்று, எழும்பிய புழுதியே சேவல் வாலாயிற்று.

அச்சிறுவர் பலர் வளர்ந்தும் அவ்விருப்பத்தை விடவில்லை. அவர்களுக்குத் துணையாகப் பழையதொரு மரபும் இருந்தது. இலண்டன் விக்ரோறியா பூங்காவில் 1904இலேயே மாதிரி நீராவிப் படகுக் கழகம் ஒன்று தொடங்கியது. வேக மாதிரிகளைக் குளத்தின் நடுவிலே நட்ட கம்பத்தோடு கம்பியாற் பிணைத்து, வட்டமாக ஓடவிட்டு வேகம் அளப்பது அங்கே வழக்கமாயிற்று. கம்பியின்றி இயக்கும் வழியும் புதியதன்று. நிக்கொலா டெஸ்லா 1898இல் நியூயோர்க் நகரிலே மக்கள் முன்னிலையில் வானொலி அலையால் இயக்கிக் காட்டியதும் ஒரு சிறு படகையே. பின்னாளில் வானொலிக் கருவிகள் சிறுத்து, விலையும் இறங்கியபோது, பலகைப் படகு தெருவைவிட்டு நீருக்கு வந்தது.

எட்டில் ஒரு பங்கு

இன்று அமெரிக்க மாதிரிக் கழகங்கள் பெரிதும் கையாளுவது எட்டில் ஒரு பங்கு அளவு. ஏறக்குறைய 28 அடி நீளமான ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ மூன்றரை அடியாகச் சுருங்கும். மெல்லிய ஒட்டுப்பலகையில் வங்குகளை அறுத்து, மட்டமான பலகையொன்றின்மீது தலைகீழாக நிறுத்தி, நீளச் சட்டங்களாற் பிணைத்து, மேலே ஒட்டுப்பலகைத் தோல் போர்த்துவர். வங்குகள் நேரே நில்லாவிடின் படகு என்றும் நேரே ஓடாது. உட்புறமெங்கும் எப்பொக்சி பூசி நீர் புகாது காப்பர். பக்க மிதவைகளின் அடிச்சாய்வை அமைத்தலே மிகக் கடினமான வேலை. சாய்வு சிறிது கூடினால் முன்புறம் தூக்கிப் படகு கவிழும். சிறிது குறைந்தால் நீரோடு ஒட்டி இழுபடும்.

வேகத்தைச் சுருக்குவது எப்படி? இதற்கும் விடை சொன்னவர் நாம் முன்னே கண்ட புறூட் அவர்களே. நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகம் குறைதல் வேண்டும் என்பது அவருடைய விதி. எட்டின் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.83. ஆகவே மணிக்கு 150 மைல் ஓடிய படகின் மாதிரி 53 மைல் ஓடினாற் போதும். நீர் இரண்டிலும் ஒரேவிதமாக நடந்துகொள்ளும். நிறையோ எட்டின் கனத்துக்கு ஏற்ப, 512இல் ஒரு பங்காதல் வேண்டும். 5,120 இறாத்தல் படகுக்கு மாதிரி 10 இறாத்தலே. ஆனால் குளத்தின் அலையையும் காற்றையும் எவராலும் சுருக்கவியலாது. பெரும்படகு பொருட்படுத்தாத சிற்றலை மாதிரிக்குப் பேரலையாகும். 1955இல் பஜோலின் படகைத் தூக்கிய அதே காற்று மாதிரியையும் தூக்கிக் குட்டிக்கரணம் அடிக்கச் செய்யும். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. மாதிரி கவிழ்ந்தால் உடைந்த பலகையை ஒட்டலாம். ஓட்டியவர் கரையிலே நின்று சிரிப்பார். உயிரைப் பணயம் வையாமற் பிழைசெய்து கற்க இடந்தருவதே மாதிரியின் பெருஞ்சிறப்பு.

போட்டியின் தொடக்கமும் பெரும்படகுகளின் முறையையே பின்பற்றியது. படகுகள் நின்ற நிலையிலிருந்து புறப்படுவதில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க அவை சுற்றிவந்து, நேரம் முடியும் கணத்திற் கோட்டைத் தாண்டவேண்டும். முந்தித் தாண்டினால் தண்டனை; பிந்தினால் தோல்வி. வேகத்திலும் பொறுமையே அங்கு வெல்லும்.

மறைந்தவற்றைக் காத்தல்

பழைய படகுகளின் மாதிரிகளுக்குக் கழகங்கள் தனிப்பிரிவு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1980ஆம் ஆண்டுகளிலிருந்து ஹெலிகொப்டர்களுக்குரிய டேர்பைன் இயந்திரங்கள் போட்டிப் படகுகளிற் புகுந்தன. ஓட்டுநரைக் காக்கும் மூடிய கூண்டும் வந்தது. அதனால் உயிர்ச்சேதம் குறைந்தது. அது நல்லதே. ஆயினும் இயந்திரத்தின் பின்னே திறந்த இருக்கையில் ஓட்டுநர் அமர்ந்த மரப்படகுகளும் அவற்றின் இடிமுழக்கமும் பந்தயக் களத்தைவிட்டு அகன்றன. பல படகுகள் ஆற்றில் உடைந்தன; பல கவனிப்பாரற்றுக் கிடந்து உக்கின.

இந்நிலையில் மாதிரி செய்வோர் வரலாற்று மாணவராயினர். தாம் செய்யும் படகு உண்மையில் ஓடிய படகாதல் வேண்டும். அவ்வாண்டின் நிறமும் எழுத்தும் இலக்கமும் பிழையாதிருத்தல் வேண்டும். ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ என்றால் யூ-27. ‘மிஸ் பார்டால்’ என்றால் யூ-40. இதற்காக அவர்கள் பழைய நிழற்படங்களைத் தேடுகின்றனர், எஞ்சிய படகுகளை அளக்கின்றனர், முதியோரிடம் கேட்டறிகின்றனர். ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ இன்று சியாற்றில் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அந்நகருக்குத் தெற்கேயுள்ள கென்ற் நகரில் ஹைட்ரோபிளேன் படகுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைந்து, பழைய படகுகளைத் திருத்தி மீண்டும் நீரில் விடுகின்றது. எனினும் அருங்காட்சியகத்துக்கு ஒரு பொருள் வந்துசேரும் முன்னர், அது காக்கத்தக்கது என்று யாரோ சிலர் நினைத்திருத்தல் வேண்டுமன்றோ? பலகையைத் தெருவில் இழுத்துச் சென்ற சிறுவர் மறவாது நினைத்தனர்.

இளைஞர்காள்! ஏட்டிற் படிப்பது மட்டும் வரலாறன்று. முன்னோர் ஒரு பொருளை எவ்வாறு செய்தனர் என்பதை நம் கையாற் செய்து பார்க்கும்போது, அவர்கள் பட்ட பாடும் கண்ட தெளிவும் நம் விரல்களுக்குத் தெரிகின்றன. பெரியோர்களே! உங்கள் பிள்ளை பலகையும் பசையுமாக முற்றத்தில் உட்கார்ந்திருந்தால், நேரம் வீணாகின்றதென்று சினந்துகொள்ள வேண்டாம். றாமஸ் என்னும் குருவானவரின் சிற்றுருவையும் ஒருகாலத்திற் பயனற்றதென்றே ஒதுக்கினர். முப்பது நாற்பது ஆண்டுகளின் பின் உலகம் அதன் வழியே சென்றது.