.315 ரைபிள்: போர்த் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியான வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்தில் துப்பாக்கி வரலாறு என்றால் பேச்சு உதயகிரிக் கோட்டையில்தான் தொடங்கும். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் பணியில் சேர்ந்து திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். உதயகிரியில் பீரங்கி வார்ப்பதற்கும் ஏற்பாடு செய்தார். அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது அரசனின் போருக்கான ஆயுதம். கீரிப்பாறை, பேச்சிப்பாறை மலையடிவாரங்களில் மரச்சீனியும் வாழையும் பயிரிட்டவர்களுக்கும், மலைத்தோட்டங்களை நடத்தியவர்களுக்கும் தேவைப்பட்டது வேறு வகை. தோளில் போட்டுக்கொண்டு காட்டில் நடக்க வேண்டும். மிளாவையோ காட்டுப்பன்றியையோ ஒரே தோட்டாவில் வீழ்த்த வேண்டும்.

இந்தியாவில் இந்தத் தேவைக்கென்று செய்யப்பட்ட ரைபிள்களில் நன்கு அறியப்பட்டது .315. பழைய போர்த் துப்பாக்கியின் இயக்கப் பகுதியை அடிப்படையாகக் கொண்டு, வேறு குழலும் வேறு தோட்டாவும் வேறு கட்டையும் கொடுத்து உருவாக்கப்பட்டது அது. அதன் வடிவத்தைத் தீர்மானித்ததில் வேட்டைக்காரரைவிடச் சட்டத்துக்கே பங்கு அதிகம்.

போல்ட் என்னும் தாழ்ப்பாள்

கதவின் தாழ்ப்பாளைத் திருப்பி இழுப்பது போலத்தான் போல்ட் ரைபிள் இயங்குகிறது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னே இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் போகும். கைப்பிடியைக் கீழே இறக்கினால் போல்ட்டின் பற்கள் உலோகக் கூட்டில் மாட்டிப் பூட்டிக்கொள்ளும். வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் இந்தப் பூட்டு தாங்குகிறது.

அன்று பெயர்பெற்ற அமைப்புகள் இரண்டு. ஜெர்மனியில் பால் மவுசர் 1898இல் முழுமைப்படுத்திய அமைப்பில் பூட்டும் பற்கள் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவுக்கு மிக அருகில் இருக்கும். அதனால் உறுதி அதிகம். ஸ்காட்லாந்தில் பிறந்து வட அமெரிக்காவில் குடியேறிய ஜேம்ஸ் பாரிஸ் லீயின் அமைப்பில் பற்கள் பின்பக்கம் உள்ளன. போல்ட்டை இழுக்க வேண்டிய தூரம் குறைவு, ஆகவே வேகமாகச் சுடலாம். ஆனால் வெடிக்கும்போது கூடு முழுவதும் சற்றே நெளிந்து கொடுக்கும். பிரிட்டிஷ் இந்தியப் படைகள் தூக்கிய லீ-என்ஃபீல்டு இந்த இரண்டாம் வகை.

லண்டன் துப்பாக்கித் தொழிலாளிகள் பணக்காரர்களுக்காக வேட்டை ரைபிள் செய்தபோது பெரும்பாலும் மவுசரையே தேர்ந்தெடுத்தார்கள். இயக்கப் பகுதியை வாங்கி, குழலைப் பொருத்தி, வாங்குபவரின் கை நீளத்துக்கு அளந்து வால்நட் மரத்தில் கட்டையைச் செதுக்குவார்கள். சட்டைக்கு அளவெடுப்பது போன்ற வேலை அது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி .275 ரைபிள் இவ்வகைதான். அதன் தோட்டா மவுசர் போர் ரைபிளின் 7 மி.மீ. தோட்டா, ஆங்கிலேயர் வேறு பெயரிட்டு விற்றார்கள். (சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது வின்செஸ்டர் .405. அது போல்ட் வகையன்று, விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இயக்கிச் சுடுவது.)

நடுத்தர அதிகாரிகளுக்கு அத்தனை பணம் ஏது? அவர்களுக்காக பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் லீயின் இயக்கப் பகுதியிலேயே மெல்லிய கட்டையும் வேட்டைக்கேற்ற குறிமுள்ளும் பொருத்தி விற்றது. லீ-ஸ்பீடு என்று அவை அழைக்கப்பட்டன. படையில் பழகிய கைக்கு அந்த போல்ட் புதிதல்ல.

தோட்டாவில் குறுக்கிட்ட சட்டம்

படைக் கிடங்கிலிருந்து களவுபோகும் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பது ஆங்கில அரசின் கவலை. எல்லைப்புறக் கிளர்ச்சிகளை மனத்தில் வைத்து .450 அளவு ரைபிள்களை இந்தியாவுக்குக் கொண்டுவருவதற்கு 1907 வாக்கில் தடை வந்தது. உடனே லண்டன் நிறுவனங்கள் .470, .465 என்று புதிய அளவுகளைக் கண்டுபிடித்தன. யானை வேட்டைக்குப் புகழ்பெற்ற பல தோட்டாக்கள் இப்படி ஒரு சுங்கத் தடையால் பிறந்தவை. படையின் .303 தோட்டாவுக்கும் அதே நியாயம் பொருந்தியது.

அந்த இடத்தை நிரப்பியதுதான் .315. இந்த எண் 8 மி.மீ. என்பதன் அங்குலக் கணக்கு. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மான்லிக்கர் ரைபிளுக்காக 1890 வாக்கில் வந்த தோட்டா அது. .303 போலவே அடியில் விளிம்பு உடையது, மொத்த நீளமும் ஏறத்தாழ அதே அளவு. ஆகவே லீயின் மேகசினில் அதைப் பொருத்துவது எளிதாக இருந்தது. பிரிட்டிஷ் படையில் எவரும் பயன்படுத்தாத தோட்டா என்பதால் அரசுக்கும் மறுப்பில்லை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு 1918இல் மறைந்துபோனது. அதன் தோட்டா இந்தியாவில் தங்கிவிட்டது.

கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டைப் படைக்காகச் செய்த இடம். விடுதலைக்குப் பிறகு படை வேறு ரைபிள்களுக்கு மாறியது. ஆனால் அதே லீ இயக்கப் பகுதியில், ஐந்து தோட்டா மேகசினுடன், குடிமக்களுக்கான .315 வேட்டை ரைபிள் அங்கே தொடர்ந்து செய்யப்பட்டது. பழையதை மாற்றிச் செய்வதில் இச்சாப்பூருக்கு முன்பே பழக்கம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தேய்ந்த .303 ரைபிள்களின் குழலை உள்ளே குடைந்து, மேகசினில் மரத்துண்டை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடக்கூடிய .410 மஸ்கட்டுகளாக்கிக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். சிக்கனமும் ஐயப்பாடும் ஒன்றாகச் சேர்ந்த வேலை!

1962ஆம் ஆண்டு ஆயுத விதிகள் .303, 7.62 மி.மீ. படைத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைபிள்களையும், அந்த .410 மஸ்கட்டுகளையும் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்த்தன. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, அதை மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும்கூடத் தொழிலுக்கான உரிமம் வேண்டும். எனவே இரண்டாம் உலகப் போருக்குப் பின் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மலிவாகக் கிடைத்த லீ-என்ஃபீல்டுகளை விவசாயிகள் வீட்டுப் பட்டறையில் கட்டையை அறுத்து மான் வேட்டைக்கு ஏற்றதாக்கியது போன்ற பழக்கம் இங்கே வேரூன்ற வழியே இல்லை. அந்த நாடுகளில் இப்போது அறுக்கப்படாத ரைபிளுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் விலை அதிகம். போல்ட்டிலும் உலோகக் கூட்டிலும் பொறித்த எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். வேறு ரைபிளின் போல்ட் என்றால் தோட்டா அறையின் இடைவெளி மாறியிருக்கலாம். கூடு கிழிந்து சுடுபவருக்கே ஆபத்தாக முடியலாம்.

குமரி மலைகளில்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காடும் சமஸ்தானத்தின் சட்டமும். மேற்கே மலையாளம் கலந்த பேச்சில் துப்பாக்கிக்குத் தோக்கு என்று பெயர். ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது இங்கும் உரிமம், தோட்டாக் கணக்கு எல்லாம் நாடு முழுவதற்குமான ஒரே ஒழுங்கில் அமைந்தன. வேட்டைக்கென உரிமம் பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2008இல் மாவட்டக் காடுகளின் பெரும்பகுதி சரணாலயமானது. வேட்டைக்கென்று பிறந்த ரைபிளுக்கு வேட்டை இல்லாமல் போயிற்று.

அதன் பிறகும் இச்சாப்பூர் .315 செய்வதை நிறுத்தவில்லை. வாங்கியவர்கள் தற்காப்புக்கு என்று உரிமம் கேட்டார்கள். மனிதருக்கு எதிரான தற்காப்புக்கு, ஒரு மிளாவை நூறு கஜத்துக்கு அப்பால் வீழ்த்தும் நீண்ட ரைபிள் பொருத்தமான கருவியா என்பது வேறு விஷயம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

காட்டுப்பன்றி மட்டும் இந்தச் சட்டங்களுக்கெல்லாம் காத்திராமல் மரச்சீனியைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்தில், பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலிடப்பட்டு அழைக்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 சனவரியில் வந்த அறிவிப்பின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் மட்டுமே சுடலாம். ஒரே மலைத்தொடர், ஒரே பன்றி. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள விவசாயியின்.315 வீட்டு அலமாரியில்தான் இருக்க வேண்டும்.