வேலி எதைச் சுற்றி?

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பாயத் தொடங்கிய நாளிலிருந்து காட்டுப்பன்றியும் எங்களோடு இருக்கிறது. குளத்தைக் கட்டி, கோணேசர் கோயிலுக்கு நெல் அளக்க இந்த வயல்களைத் திருத்தியவன் குளக்கோட்டன் என்கிறது கோணேசர் கல்வெட்டு என்னும் நூல். ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியது என்பது சிங்கள மரபு. கட்டியவர் எவரானாலும், காட்டை வெட்டி வயலாக்கிய அன்றே வேலி தேவைப்பட்டிருக்கும். திருகோணமலையில் பன்றி வேட்டையின் வரலாறு, வேலி எதைச் சுற்றிப் போடப்பட்டது என்பதன் வரலாறுதான்.

என் அப்பா காலத்தில் பெரும்போகத்துக்கு விதைத்த கையோடு வேலி அடைப்பார்கள். காட்டோரத்து வயற்காரர் ஒவ்வொருவருக்கும் இத்தனை பாகம் என்று, வயற்பகுதிக்குப் பொறுப்பான வட்டவிதானை அளந்து விடுவார். முள்ளும் அலம்பலும் நெருக்கிக் கட்டிய வேலி அது. ஒருவர் தன் பங்கை அடைக்காமல் விட்டால் பன்றி அந்த இடைவெளியால் புகுந்து அடுத்தவர் வயலையும் கிளறிப்போடும் என்பதால், ஊரே அவரைக் கேள்வி கேட்கும். நெல் குடலைக்கு வந்ததும் பரண் காவல். தகரம் தட்டியும், பந்தம் கொளுத்தியும், பரணுக்குப் பரண் கூக்குரல் கொடுத்தும் மார்கழி, தை இரவுகள் கழியும். இத்தனைக்கும் அடங்காத தனியன் பன்றி வந்தால்தான் வேட்டைக்காரரை அழைப்பார்கள்.

எங்கள் பக்கம் வந்தவர்கள் மூதூர், ஈச்சிலம்பற்றுக் கரையோர வேடர். தமிழ் பேசும் இந்த மக்களைப் பற்றி, செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலும் குறிப்புகள் உண்டு. அதற்கும் முன்னே, 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், வேடர் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் அடைத்து வைப்பதை 1681இல் வெளியான தன் நூலில் எழுதினார்.

நாய்கள், ஈட்டி, பிற்காலத்தில் இடியன் துவக்கு: அவர்களுடைய கருவிகள் இவ்வளவுதான். எங்கள் வயலுக்கு வந்த பெரியவர் ஒருவர் இளையவர்களிடம் சொல்வார்: “தம்பி, பண்டிக்கு ஓட ஒரு வழி விட்டுத்தான் வளைக்கணும். வழியை அடைச்சா அது மனிசன் மேலதான் பாயும்.” குட்டிகளோடு திரியும் பெட்டையை அவர் தொடமாட்டார். கிண்ணியா முஸ்லிம் வயற்காரருக்குப் பன்றி ஹராம்; ஆகவே அவர்களுடைய வயலில் விழுந்த பன்றி முழுவதும் வேடருக்கு, அதற்கு மேல் சூடடித்ததும் கொஞ்சம் நெல்லும். ஒருவர் உண்ணாததை மற்றவர் உண்டார். இருவருடைய பயிரும் பிழைத்தது. இந்த ஏற்பாட்டில் வேலி பயிரைச் சுற்றியே நின்றது.

இரண்டாவது வேலியைப் பிரித்தானியர் சட்டத்தால் கட்டினார்கள். துரைமார் எப்படி வேட்டையாடினார்கள் என்பதை அறிய சாமுவேல் பேக்கர் 1850களில் வெளியிட்ட இலங்கை வேட்டை நூல் ஒன்றே போதும். நாய்களை ஏவி, கத்தியோடு பாய்ந்து மரையையும் பன்றியையும் கொன்றதை அவர் பெருமையோடு பதிந்து வைத்தார். விலங்குகள் அருகியதும் 1891இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1894இல் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார்கள். 1900இல் யால ஒதுக்கக் காடாகியது; அங்கே ஒரு பகுதி நாட்டில் வசிக்கும் வேட்டைப் பிரியர்களுக்கென்றே விடப்பட்டது. கம்பி கட்டாத வேட்டைத் தோட்டம் அது. அனுமதிச் சீட்டு உள்ளவர் உள்ளே போகலாம். பரம்பரையாக அங்கே வேட்டையாடியவர் போனால் குற்றவாளி.

1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்த வேட்டைத் தோட்டத்துக்கு முடிவு கட்டியது. 1938இல் யால தேசிய வனமானது. எங்கள் மாவட்டத்தில் 1963இல் கடற்படை ஹெட்வேர்க்ஸ் காடும், துறைமுகத்துக்குள் இருக்கும் சோபர் தீவுகளும் சரணாலயங்களாயின. இந்தச் சட்டங்கள் இல்லாதிருந்தால் யானையும் மானும் இன்று எஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். அந்த நன்மையை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் காட்டைச் சுற்றி வேலி போட்டவர்கள், வேலிக்கு வெளியே நின்ற வேடருக்கு மாற்றுத் தொழில் எதையும் காட்டவில்லை. வேடர் ஒதுங்கியபின் பன்றியோடு கமக்காரர் தனித்து நின்றார்.

மூன்றாவது வேலி விலங்கையே சுற்றிப் போடுவது. உரோமில் ஹோர்டென்சியஸ் என்ற செல்வந்தர் மதில் சூழ்ந்த காட்டில் பன்றியும் மானும் வளர்த்து, ஊதுகொம்பின் ஓசைக்கு அவை ஓடிவரும்படி பழக்கியிருந்ததை உரோம எழுத்தாளர் வார்ரோ எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒஸ்ரின் கோர்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் வேலியடைத்து, ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்கினார். 1912இல் வட கரோலினாவின் ஹூப்பர் போல்ட் மலையிலும் அப்படியே பன்றிகளை அடைத்தார்கள். இரண்டு இடத்திலும் பன்றி வேலியை உடைத்து வெளியேறியது. ஹூப்பர் போல்ட் பன்றிகளின் வழித்தோன்றல்கள் அந்த மலைக்காடுகளில் இன்றும் திரிகின்றன. இப்படி அடைத்து வைத்து வேட்டையாடுவதை வேட்டைக்காரர்களே ஏற்கவில்லை. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அன்ட் குரொக்கெட் கழகம், தப்ப வழியில்லாத அடைப்பில் கொன்ற விலங்கைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. மொன்டானா மாநில மக்கள் 2000ஆம் ஆண்டில் வாக்களித்து, விலங்குப் பண்ணைகளில் பணம் வாங்கிச் சுடவிடுவதைத் தடை செய்தார்கள். எங்கள் வேடப் பெரியவரும் இதே நெறியைத்தான் வயல் வரம்பில் நின்று சொன்னார்.

போர் வந்தபின் ஊரிலிருந்த துவக்குகள் போயின. பரண் காவலும் நின்றது. 2006இல் மூதூருக்கு அருகிலுள்ள சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2015இல் அவர்கள் திரும்பத் தொடங்கியபோது வயலும் வளவும் பற்றைக்காடாகிக் கிடந்தன. ஆளில்லா நிலத்தில் பன்றி பெருகும். ஊர்கள் மீண்டும் பயிரிட்டபோது பழைய ஏற்பாடு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும், கம்பிச் சுருக்கும், மின்கம்பத்திலிருந்து நேரே இழுத்த வயரும், தீனிக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடியும் புகுந்தன. பன்றிக்கு வைத்த வெடியை யானைக்கன்று கடித்து, வாய் சிதறிப் பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. 2023இல் இலங்கையில் 488 யானைகள் இறந்தன. அவற்றில் பல இந்த வெடியால் மாண்டவை. இரவில் தண்ணீர் பார்க்கப் போகும் மனிதரையும் வயரும் கட்டுத்துவக்கும் பலி கொள்கின்றன.

பன்றியை வேலிக்குள் அடைத்துப் பணக்காரருக்குச் சுட விட்டால் ஊருக்கு வருமானம் என்று பேசுவோர் உண்டு. அடைப்பில் கொழுத்த பன்றி கொல்லப்படும். வயலுக்கு வரும் பன்றி வந்துகொண்டே இருக்கும். பயிருக்கு இதனால் ஒரு மணி நெல்லும் மிஞ்சாது. பன்றியைக் குறைத்தே ஆகவேண்டிய இடத்தில் தமிழ்நாடு அரசு 2025இல் எடுத்த முடிவு பரவாயில்லை: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும். அதில் விளையாட்டு இல்லை, வியாபாரமும் இல்லை.

யானை-மனித மோதல் பற்றி 2020இல் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசியத் திட்டம், காட்டுக்குள் ஓடும் மின்வேலியை விட்டு, ஊரையும் வயலையும் சுற்றி மக்களே பராமரிக்கும் மின்வேலியைப் பரிந்துரைத்தது. வயல் வேலியை விதைக்கும்போது போட்டு, அறுவடையானதும் கழற்றிவிடலாம். தாழ்வாக இன்னொரு கம்பி இழுத்தால் அது பன்றியையும் தடுக்கும். வட்டவிதானை அளந்து கொடுத்த பழைய வேலியின் புதிய வடிவம் இது.

பெரும்போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்க ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறோம். கந்தளாயிலும், தம்பலகாமத்திலும், மூதூரிலும் கமக்கார அமைப்புகளை நடத்துவோரிடம் நான் கேட்பது இதுதான்: தண்ணீர்த் திகதி எழுதும் அதே ஏட்டில் வேலிப் பங்கையும் காவல் முறையையும் எழுதுங்கள், வெடி வைப்பவருக்கு ஊரில் இடமில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.