பைக்கில் பின் கேரியர் போடப் போறீங்களா? பட்டறைக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் வரும் பேரூராட்சி மேல்பட்டாம்பாக்கம். அதிகாலையில் இந்த ரோட்டில் நின்று பார்த்தால் போதும், பைக்கை எதுக்கெல்லாம் பயன்படுத்துறாங்க என்பது புரிந்துவிடும். முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து ஐஸ் பெட்டியோடு வருபவர்கள் ஒரு பக்கம், பால் கேன் கட்டியவர்கள் இன்னொரு பக்கம். சீசன் வந்தால் பண்ருட்டி பலாப்பழமும் பைக்கில்தான் ஏறும்.

இவ்வளவு பாரத்தையும் தாங்குவது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு இரும்புச் சட்டம். அதுதான் கேரியர். அது சரியாக அமையாவிட்டால் போல்ட் உடையும், சேசிஸ் விரிசல் விடும், ஓடும் வண்டியின் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். பட்டறைக்குப் போகும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்? முழு விவரம் இதோ.

பெரிய கேரியர் போட்டால் அதிக எடை ஏற்றலாமா?

ஏற்ற முடியாது. பலரும் தப்பா நினைக்கிற இடமே இதுதான். கேரியரை எவ்வளவு தடிமனான பைப்பில் செய்தாலும், வண்டி தாங்கும் எடை ஒரு கிலோ கூட கூடாது. சேசிஸ், ஷாக், டயர், பிரேக் எல்லாம் கம்பெனி கணக்குப் போட்ட எடைக்குத்தான் செய்யப்பட்டவை.

அந்தக் கணக்கு வண்டியோடு தரும் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். ஒரு உதாரணம் பார்ப்போம். மேனுவலில் அதிகபட்ச சுமை 130 கிலோ என்று போட்டிருந்தால், அது சாமானுக்கு மட்டும் கிடையாது. ஓட்டுபவரும் அதில் சேர்த்தி.

* ஓட்டுபவர்: 65 கிலோ
* கேரியர்: 5 கிலோ
* சாமானுக்கு மிச்சம்: 60 கிலோ

40 லிட்டர் பாலின் எடை மட்டும் 41 கிலோ. கேனின் எடை தனி. ஆக, நிறைந்த 40 லிட்டர் கேன் ஒன்றைத்தான் இந்த வண்டி தாங்கும். இரண்டு கட்டினால் பாலே 82 கிலோ. 'நம்ம வண்டி இழுக்குதே' என்று தோணலாம். இழுப்பது இன்ஜின், ஆனால் நிறுத்த வேண்டியது பிரேக். அவசரத்தில் பிடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

சுமையை எங்கே வைப்பது?

எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பின் சக்கரத்தின் ஆக்ஸிலுக்கு நேர் மேலேயோ, அதற்கு முன்னாலோ சுமை இருப்பது நல்லது. ஆக்ஸிலைத் தாண்டிப் பின்னால் போகப் போக, ஏற்றம் வைத்த பலகை மாதிரி பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் தூக்கும்.

இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 125 செ.மீ. தூரம் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸிலுக்கு 25 செ.மீ. பின்னால் 30 கிலோ வைத்தால், பின் சக்கரத்தில் 36 கிலோ ஏறும். முன் சக்கரத்தில் இருந்த எடையில் 6 கிலோ குறையும். 60 கிலோ வைத்தால் முன்னால் 12 கிலோ குறையும். முன் சக்கரம் லேசானால் ஹேண்டில் ஆடும், மணலிலும் ஈர ரோட்டிலும் பிடிமானம் போகும்.

அதனால் நீளமான கேரியரை விட, சீட்டை ஒட்டி அமையும் குட்டையான கேரியரே நல்லது. பால் போன்ற கனமான சாமானை 20 லிட்டர் கேன்களாகப் பிரித்து, இரண்டு பக்கமும் சமமாக, தாழ்வாகத் தொங்கவிடலாம்.

வியாபாரிகள் பலர் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை விடாமல் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். 1980-ல் வந்த டிவிஎஸ் 50 வழியில் வந்த இந்த மொபெட்டில் ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் மூட்டை வைக்க இடம் இருக்கு. பின் சீட்டையும் கழற்றிவிடலாம். சுமை பெரும்பாலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிடும்.

ரெடிமேடா, பட்டறையில் செய்வதா?

முதலில் ஷோரூமில் உங்கள் மாடலுக்கான கம்பெனி கேரியர் கிடைக்குமா என்று கேளுங்க. துளைகள் சரியாகப் பொருந்தும், எவ்வளவு எடை வைக்கலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சில மாடல்களில் சின்ன கேரியர் கம்பெனியிலேயே வரும். ஆனால் அது டிபன் பாக்ஸ், பை போன்ற லேசான சாமானுக்குத்தான்.

பட்டறையில் செய்வதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை:

* இரும்பு பைப்பின் கனம் மெல்லிசாக இருக்கக் கூடாது. அதற்காகத் தேவைக்கு மேல் கனமாகவும் வேண்டாம். கேரியரின் எடையும் சுமைக் கணக்கில்தான் வரும்.
* மேலே தட்டு மட்டும் போதாது. தட்டிலிருந்து கீழே சேசிஸுக்கு இரண்டு பக்கமும் சாய்வான தாங்கு கம்பி வேண்டும்.
* மீன் ஏற்றுபவர்களுக்கு உப்புத் தண்ணீர்தான் எதிரி. வெல்டிங் முடிந்ததும் ரெட் ஆக்ஸைடு அடித்து, அதன் மேல் பெயின்ட் அடிக்கணும். ஐஸ் தண்ணீர் செயின், பிரேக் மேல் சொட்டாத மாதிரி பெட்டிக்கு வடிகால் குழாய் வைக்கணும்.

மாட்டும்போது என்ன கவனிக்கணும்?

1. கேரியரை சேசிஸோடு சேர்த்து வெல்டிங் வைக்க விடாதீங்க. சூட்டில் அந்த இடம் பலவீனமாகி, நாளடைவில் விரிசல் விடலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் எலக்ட்ரானிக் பாகங்கள் அதிகம். வண்டியில் வெல்டிங் வைத்தால் அவையும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. கேரியரைக் கழற்றி, தனியாக வைத்துத்தான் வெல்டிங் செய்யணும்.

2. பின் கைப்பிடி மாட்டியிருக்கும் துளைகளைப் பயன்படுத்துங்க. கேரியர் தகடு நடுவில் வருவதால் பழைய போல்ட்டின் நீளம் பத்தாது. தலையில் 8.8 என்று பொறித்த, சற்று நீளமான போல்ட் வாங்குங்க. கழன்று வராத நைலான் லாக் நட் போடுங்க.

3. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மாட்டி, கேரியர் நேராக இருக்கா என்று பார்த்த பிறகே ஸ்பேனரில் முறுக்கணும். துளை சேராவிட்டால் இழுத்து வளைத்து மாட்டக் கூடாது. அப்படி மாட்டிய போல்ட்தான் முதலில் உடையும்.

4. இரண்டு பேரை உட்காரவைத்து நன்றாக அழுத்திப் பாருங்க. ஷாக் முழுசா இறங்கும்போது கேரியர் கம்பி டயரிலோ மட்கார்டிலோ உரசக் கூடாது.

5. முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குங்க. அதன் பிறகு மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்சி-யில் உள்ள விவரங்களுக்கும் கம்பெனி கொடுத்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விதி மீறி மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதனால் சேசிஸை வெட்டுவது, நீட்டுவது எதுவும் கூடாது.

பின்னால் பெட்டி வைப்பதற்கு 2020-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பெட்டியின் அளவு அதிகபட்சம் 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம். பின் சீட் இருக்கும் இடத்தில் பெட்டி வைத்தால், ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. பெட்டி பின் சீட்டுக்கும் பின்னால் இருந்தால் இன்னொருவர் உட்காரலாம், ஆனால் மொத்த எடை கம்பெனி சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

கேரியர் மாட்ட இடைஞ்சலாக இருக்குன்னு பின் கைப்பிடியையும் சேலை கார்டையும் கழற்றிப் போடுவது பல இடங்களில் நடக்குது. இரண்டும் விதிப்படி கட்டாயம். பின்னால் மனைவியோ அம்மாவோ உட்காரும்போது சேலை சக்கரத்தில் சிக்காமல் காப்பது அந்த கார்டுதான். நம்பர் பிளேட், பின் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றையும் கேரியரோ சாமானோ மறைக்கக் கூடாது.

கிளம்பும் முன் 2 நிமிடம்

* பின் டயரில், இருவர் போகும்போது வைக்கச் சொல்லி மேனுவலில் உள்ள காற்று அளவு இருக்கா?
* பின் ஷாக் ஸ்பிரிங்கை இறுக்கும் வசதி இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே படியில் வைத்தாச்சா?
* ஹெட்லைட் மேலே தூக்கி அடிக்குதா? பின்பக்கம் அமுங்கினால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இறக்கி வையுங்க.
* கனமான சாமானைக் கயிற்றாலோ பெல்ட்டாலோ கட்டியாச்சா? கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு லேசான சாமானுக்கு மட்டும்தான்.
* கயிற்றின் நுனி தொங்குதா? செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சுருட்டிச் செருகுங்க.

சாமான் ஏற்றிய பிறகு முதல் தெருவிலேயே மெதுவாக ஒரு முறை பிரேக் பிடித்துப் பாருங்க. ஹேண்டில் லேசாகத் தெரிந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அங்கேயே இறக்கி சுமையைக் குறைங்க. மிச்சத்தை இரண்டாவது நடையில் எடுத்துக்கொள்ளலாம்.